சுறாவைத் தாண்டின மெக்கானிக்

கேள்வி: எந்த சீரியலைப் பத்திப் பேசினாலும் "அது எப்பவோ ஜம்ப் தி ஷார்க் ஆயிடுச்சு சித்தி"ங்கிறா என் அக்கா பொண்ணு. சுறாவுக்கும் சீரியலுக்கும் என்ன சம்பந்தம்? (வாசகி, தென்காசி)

பதில்: நெஜமாவே ஒரு சீரியல்ல ஒருத்தர் சுறாவைத் தாண்டினாரும்மா, அதான் சம்பந்தம். அமெரிக்காவுல ஏபிசி சேனல்ல 1974-லேர்ந்து 1984 வரைக்கும் ஓடின காமெடி 'ஹாப்பி டேஸ்'. 1950-கள்ல மில்வாக்கி ஊர்ல ஒரு சாதாரண குடும்பம், அவ்ளோதான் கதை. அதுல ஃபான்ஸின்னு ஒரு மெக்கானிக், லெதர் ஜாக்கெட், பைக், நடிச்சது ஹென்றி விங்க்லர், மொதல்ல சின்ன கேரக்டர்தான், ஜனங்களுக்குப் பிடிச்சுப்போய் கடைசில சீரியலே அவர் பின்னாடி ஓட ஆரம்பிச்சுடுச்சு. 1977 செப்டம்பர்ல வந்த எபிசோடுல எல்லாரும் கலிஃபோர்னியா போறாங்க, அங்க ஒரு சவால், ஐயா நீச்சல் டிராயர் மேல அதே லெதர் ஜாக்கெட்டை மாட்டிக்கிட்டு வாட்டர் ஸ்கீயிங்ல (படகு இழுக்க, கால்ல பலகை மாட்டித் தண்ணி மேல சறுக்குறது) போய், கடல்ல அடைச்சு வெச்சிருந்த சுறாவைத் தாவுறாரு! விங்க்லருக்கு வாட்டர் ஸ்கீயிங் நல்லா வரும், "அதை சீரியல்காரங்ககிட்ட சொல்லுடா"ன்னு அவங்கப்பா நச்சரிச்சதுல வந்த வினை இது. தாவல் மட்டும் டூப்.

1985-ல மிச்சிகன் யூனிவர்சிட்டி பசங்க சில பேர், நமக்குப் பிடிச்ச சீரியல் எந்த எடத்துல கெட்டுப்போச்சுன்னு அரட்டை அடிச்சப்போ ஒருத்தர் இந்த சீனைச் சொன்னாரு. கூட இருந்த ஜான் ஹைன் 1997-ல இதுக்குன்னே ஒரு வெப்சைட் ஆரம்பிக்க, "ஜம்ப் தி ஷார்க்"ங்கிற பேச்சு உலகம் பூரா பரவிடுச்சு. மெதுவா டல்லடிக்கிறதுக்கு இதைச் சொல்றதில்ல, சரக்கு தீர்ந்து வித்தை காட்ட ஆரம்பிச்சுட்டாங்கன்னு பாக்குறவனுக்குப் பட்டுடுது பாருங்க, அந்த ஒரு சீனுக்குத்தான் இந்தப் பேரு. இப்பல்லாம் அரசியல்வாதி, கம்பெனி, யாரையும் விடறதில்ல.

என்னைக் கேட்டா அந்த சீரியல் மேல இந்தப் பழி கொஞ்சம் அநியாயம். அதுக்கப்புறமும் ஆறு வருஷத்துக்கு மேல ஓடியிருக்கு, அந்த எபிசோடை எழுதின ஃப்ரெட் ஃபாக்ஸ் 2010-ல "அன்னிக்கு மூணு கோடி பேருக்கு மேல பாத்தாங்க"ன்னு பத்திரிகையில கட்டுரையே எழுதிட்டாரு. தவிர 1975-லயே இதே ஃபான்ஸி வரிசையா வெச்ச குப்பைத்தொட்டிகளை பைக்ல தாண்டியிருக்காரு, அதை யாரும் குத்தம் சொல்லல, சுறா பாவம் மாட்டிக்கிச்சு.

விங்க்லர் கோச்சுக்கல. 2005-ல வேற ஒரு காமெடி சீரியல்ல வக்கீலா வந்தவரு, கரையில கெடந்த சுறாவை ஒரு எட்டுல தாண்டிட்டுப் போயிட்டே இருந்தாரு.