நெருக்கமா, பாட அறிவா: ஆசிரியர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

திருகோணமலை மாவட்டத்தில் 31 ஆண்டுகள் கணிதம் கற்பித்தவன், பின்னர் ஆசிரிய ஆலோசகராகவும் இருந்தவன் என்ற முறையில் இந்தப் பதில்களை எழுதுகிறேன்.

கிண்ணியா, ஆசிரியர்: சேர், மாணவரோடு நல்ல உறவு இருந்தால் பாடம் தானாக வரும் என்கிறார்கள். பாட அறிவு இரண்டாம் பட்சம்தானா?

இல்லை. பாட அறிவே முதலில் வர வேண்டும். ஆனால் அது பிள்ளையின் மனம் எங்கே தடுமாறுகிறது என்பதையும் அறிந்த அறிவாக இருக்க வேண்டும். பாடம் சொல்லும் முறையைக் கூறும் நன்னூல், "உரைக்கப்படும் பொருள் உள்ளத்து அமைத்து" என்பதை முன்னே வைத்து, அதன் பின்னரே "விரையான் வெகுளான் விரும்பி முகமலர்ந்து" என்கிறது. அடுத்த அடியில் "கொள்வோன் கொள்வகை அறிந்து" என்று சேர்க்கிறது. அந்த வரிசையைக் கவனியுங்கள். ஆயத்தமின்றி வகுப்புக்குள் வந்தவர் எவ்வளவு முகமலர்ந்தாலும் பிள்ளைக்குக் கொடுப்பதற்கு அவரிடம் ஒன்றுமிராது.

நிலாவெளிப் பக்கத்துப் பாடசாலை ஒன்றில் தரம் 6 இல் ஒரு பையன் கடைசி வாங்கில் இருப்பான். அரையுடன் மூன்றிலொன்றைக் கூட்டச் சொன்னால் ஐந்தில் இரண்டு என்று எழுதுவான். மேலே உள்ளவற்றைத் தனியாகவும் கீழே உள்ளவற்றைத் தனியாகவும் கூட்டியிருந்தான். கொப்பியில் எட்டுக் கணக்குகளும் அதே வழியில் பிழைத்திருந்தன. எட்டின் மேலும் சிவப்புப் புள்ளடி. அவனருகே அமர்ந்து, 30 சென்ரிமீற்றர் அடிமட்டத்தைக் கொடுத்துப் பாதியைக் காட்டச் சொன்னேன். 15 இல் விரலை வைத்தான். அடிமட்டத்தின் மூன்றிலொரு பங்கை, அதாவது 10 ஐ, அதிலிருந்து முன்னே நகர்த்தச் சொன்னதும் விரல் 25 க்கு வந்தது. பிறகு, ஐந்தில் இரண்டு எங்கே என்று கேட்டேன். சிறிது யோசித்து 12 இல் விரலை வைத்தவன், "சேர், கூட்டின பிறகு எப்படிக் குறையும்?" என்று தானே கேட்டான். அடுத்த கிழமை அவன் முன் வாங்கில் இருந்தான். அவனுடைய குடும்பத்தைப் பற்றி அதுவரை நான் ஒரு வார்த்தையும் கேட்டிருக்கவில்லை. அவனுடைய பிழைக்குள்ளும் ஒரு நியாயம் இருந்ததை ஒருவர் கண்டுகொண்டதிலிருந்துதான் எங்கள் உறவு தொடங்கியது. ஆகவே கொப்பியைத் திறந்து பாருங்கள். புள்ளடி போட்டு மூடிவிடாதீர்கள்.

ஈச்சிலம்பற்று, ஆசிரியை: எனது இடமாற்ற விண்ணப்பம் பற்றி…

அது வலயக் கல்வி அலுவலகத்தில் கேட்க வேண்டியது, தங்கச்சி.

உப்புவெளி, தாய்: மகளுக்கு விஞ்ஞான ஆசிரியை என்றால் உயிர். ஆனால் தவணை முடியப் போகிறது, கொப்பியில் பாதிப் பாடமும் இல்லை. குறை சொல்லலாமா?

சொல்லலாம், அம்மா; சொல்லத்தான் வேண்டும். ஆசிரியையைத் தனியாகச் சந்தித்து, கொப்பியைக் கையில் கொடுத்துப் பேசுங்கள். மகளின் முன்னிலையில் பேச வேண்டாம்; அந்த அன்பைக் கெடுத்துப் பாடத்தைப் பெற முடியாது.

தோப்பூர், ஆசிரியர்: பிரம்பு இல்லாமல் மரியாதை வருமா?

வரும். உடல் தண்டனையைக் கல்வி அமைச்சின் 12/2016 இலக்கச் சுற்றறிக்கை தடுத்திருக்கிறது. இதில் விவாதிக்க ஒன்றுமில்லை.

மூதூர், பட்டதாரி ஆசிரியர்: நீங்கள் பழைய நூலைக் காட்டுகிறீர்கள். கல்வி ஆய்வாளர் ஜோன் ஹற்றி 2009 இல் ஆய்வுகளைத் தொகுத்தபோது, பிள்ளைகளின் கற்றலில் ஆசிரியர் மாணவர் உறவின் விளைவு 0.72, ஆசிரியரின் பாட அறிவின் விளைவு 0.09 மட்டுமே (எண் கூடினால் விளைவும் கூட). இதற்கு என்ன பதில்?

நல்ல கேள்வி, தம்பி, இதற்குத்தான் காத்திருந்தேன். அந்த எண்களை நான் மறுக்கவில்லை. ஆனால் அங்கே பாட அறிவு என்று எதை அளந்தார்கள் என்று கேளுங்கள். ஓர் ஆசிரியர் பல்கலைக்கழகத்தில் எத்தனை பாடநெறிகளை முடித்தார் என்பது வேறு, ஐந்தில் இரண்டு என்று எழுதிய பிள்ளை எப்படி யோசித்தது என்று அவருக்குத் தெரிவது வேறு. இந்த இரண்டாவது அறிவைத்தான் அமெரிக்கக் கல்வி உளவியலாளர் லீ ஷுல்மன் 1986 இல் தனியாகப் பிரித்துக் காட்டினார். 2005 இல் ஹில், ரோவன், போல் என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் கணிதம் கற்பிப்பதற்கு வேண்டிய அறிவையே நேரடியாக அளந்து பார்த்தார்கள். அந்த அறிவு கூடிய ஆசிரியர்களிடம் படித்த முதலாம், மூன்றாம் தரப் பிள்ளைகள் கூடுதலாக முன்னேறியிருந்தார்கள்.

அதே ஆசிரியர்: அப்படியானால் உறவு தேவையில்லை என்கிறீர்களா?

அப்படி எங்கே சொன்னேன்? நிறைய அறிந்தும் நெருங்க முடியாத ஆசிரியரை நன்னூல் மடற்பனை என்கிறது: பழம் தானாக விழுந்தால் உண்டு, கருக்கு மட்டையைத் தாண்டி ஏறிப் பறிக்க முடியாது. பிள்ளை பயமின்றித் தன் பிழையான விடையைச் சொல்ல வேண்டுமென்றால் உறவு வேண்டும். சொன்ன பிழையை வைத்து என்ன செய்வது என்று தெரிய வேண்டுமென்றால் அறிவு வேண்டும். உங்கள் எண்களை உங்கள் வகுப்புக் கொப்பிகளோடு வைத்துப் பாருங்கள்.

சாம்பல்தீவு, பெற்றோர்: பாடசாலையில் சிரித்துப் பேசும் ஆசிரியர், பாடத்தை ரியூசனில்தான் விளக்கமாகச் சொல்கிறார்.

நன்னூலில் இதற்கும் உவமை உண்டு. முடத்தெங்கு, அதாவது வளைந்த தென்னை: ஒரு வளவில் நீர் வார்க்க, அது வளைந்து மறு வளவில் காய் போடும். இதைக் கேட்கும் போதெல்லாம் மனம் கொதிக்கிறது. இலவசக் கல்வியை நம்பிக் காலையில் வந்து அமரும் பிள்ளைக்கு உரிய விளக்கம் அது. அதிபரிடம் எழுத்தில் கொடுங்கள்.

குச்சவெளி, ஆசிரியர்: நட்பா, அறிவா, எது முக்கியம் சேர்?

முதற் கேள்விக்கான பதிலைத் தயவுசெய்து படியுங்கள். இதே கேள்வி இன்னும் நால்வரிடமிருந்து வந்திருக்கிறது. அவர்களுக்கும் இதுவே பதில்.

மூதூர், பயிலுனர் ஆசிரியை: என் வகுப்பில் 42 பிள்ளைகள். எல்லோரையும் எப்படி அறிந்துகொள்வது?

ஒரே நாளில் முடியாது, தங்கச்சி; முயன்று களைத்துப் போகாதீர்கள். நாளுக்கு ஐந்து கொப்பிகளை மட்டும் எடுத்து, ஒவ்வொன்றிலும் ஒரு பிழைக்கான காரணத்தைத் தேடிப் பிள்ளையின் பெயரோடு எழுதி வையுங்கள். மறுநாள் அந்த ஐவரிடமும் அதைப் பற்றி ஒரு நிமிடம் பேசுங்கள். ஒன்பதாம் நாளில் இரண்டு கொப்பிகளே மிஞ்சும். அன்று முதல் நாள் பார்த்த ஐந்தையும் மறுபடி திறந்து, அந்தப் பிழைகள் திருந்தியிருக்கின்றனவா என்று பாருங்கள்.