ரயிலுக்கு ஏது ஸ்டியரிங்?

அன்புள்ள ஐயா,

என் மகனுக்குப் பன்னிரண்டு வயது. ரயிலில் இதுவரை இரண்டு முறைதான் போயிருக்கிறான். ஆனால் ரயில் என்ஜினின் டிரைவர் அறையை உள்ளேயிருந்து எடுத்த படத்தைக் காட்டினால், வெளித்தோற்றம் எதையும் பார்க்காமலேயே என்ன என்ஜின் என்று சொல்லிவிடுகிறான். டபிள்யூஏபி, டபிள்யூடிஎம் என்று ஏதேதோ பெயர்கள். போன வாரம் மூன்று படங்களைக் காட்டினான். ஒன்றில் மேஜை மேல் ஒரு சக்கரம். இன்னொன்றில் ஜன்னலில் பாதியை என்னவோ மறைத்துக்கொண்டிருந்தது. மூன்றாவதில் இரண்டு திரைகளும் ஒரு கைப்பிடியும். முதல் படத்தைக் காட்டி “இதுல ஸ்டியரிங் இருக்குப்பா” என்றான். ரயிலுக்கு ஏதுடா ஸ்டியரிங் என்று சிரித்துவிட்டேன், வீட்டில் எல்லோரும் சிரித்தோம். அன்றிலிருந்து ரயில் பேச்சையே எடுப்பதில்லை.

இதையெல்லாம் எப்படிக் கண்டுபிடிக்கிறான்? இதனால் ஏதாவது பிரயோசனம் உண்டா? உருப்படியான பக்கம் திருப்பிவிடலாமா? இந்தப் பெயர்களுக்குத் தமிழில் ஏதும் கிடையாதா? கிருஷ்ணகிரிக்கு எப்போது ரயில் வரும் என்பது பற்றியும் நீங்கள் எழுத வேண்டும்.

எம்.,
காவேரிப்பட்டணம்

அன்புள்ள எம்.,

படித்து முடித்ததும் பையனைக் கூப்பிட்டு, “நீ சொன்னது சரி, அதில் சக்கரம் இருக்கத்தான் செய்கிறது” என்று சொல்லிவிடுங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

கிருஷ்ணகிரிக்கு ரயில் எப்போது வரும் என்பதை ஓட்டுக் கேட்டு வருகிறவர்களிடம் கேளுங்கள். அவர்களிடம் எப்போதும் பதில் இருக்கும். வந்த ரயிலைப் பற்றி வேண்டுமானால் நான் சொல்கிறேன். 1905ல் திருப்பத்தூரிலிருந்து கிருஷ்ணகிரிக்கு ஒரு குறுகிய பாதை போட்டார்கள். அடுத்த வருடம் மொரப்பூரிலிருந்து தருமபுரிக்கு இன்னொன்று, அது 1913ல் ஓசூர் வரை நீண்டது. இரண்டரை அடி அகலம்தான், நம் ஊர்க் கட்டிலைவிடக் குறுகல். பஞ்சத்துக்காகப் போட்ட பாதைகள். இரண்டாம் உலகப் போர் முடிவதற்குள் எல்லாவற்றையும் பிடுங்கியாகிவிட்டது.

பெயர்களைத் தமிழில் மாற்றுகிற வேலையும் வேண்டாம். அவை பெயர்களே இல்லை, எழுத்துக் கணக்கு. டபிள்யூ என்றால் அகலப் பாதை, ஒய் என்றால் மீட்டர் பாதை, இசட் என்றால் அந்த இரண்டரை அடிப் பாதை. அடுத்த எழுத்து டீசலா மின்சாரமா என்று சொல்லும். மூன்றாவது பயணிகள் வண்டியா, சரக்கா, இரண்டுக்குமா என்று. உங்கள் பையனுக்கு இது தூக்கத்தில்கூடத் தெரியும். கிருஷ்ணகிரிக்கு ஒரு காலத்தில் வாய்த்த எழுத்து இசட் என்று சொல்லிப் பாருங்கள், சந்தோஷப்படுவான்.

சரி, சக்கரத்துக்கு வருகிறேன். உங்கள் கடிதத்துக்கு நான் பதில் எழுதுவதே அதனால்தான்.

தொண்ணூறுகளின் நடுவில் என் பெரியப்பா மொரப்பூர் ஸ்டேஷனுக்கு எதிரில் டீக்கடை வைத்திருந்தார். லீவு விட்டால் நான் அங்கேதான். சேலத்துக்கும் ஜோலார்பேட்டைக்கும் நடுவே போகிற கூட்ஸ் வண்டிகளை எக்ஸ்பிரஸுக்கு வழிவிட லூப் லைனில், அதாவது ஸ்டேஷனில் பிரிந்து போகிற பக்கப் பாதையில் நிறுத்திவைப்பார்கள். சில சமயம் ஒரு மணி நேரம்கூட நிற்கும். அப்போது டிரைவர்களுக்குத் தூக்குப்போசியில் டீ கொண்டு போவது என் வேலை. என்ஜினில் ஏறுவது பஸ்ஸில் ஏறுவது மாதிரி இல்லை. செங்குத்தாக இரும்புப் படி, இரண்டு பக்கமும் பிடிக்கக் கம்பி. ஒரு கையில் போசியோடு ஏற முடியாது. நான் கீழே நின்று நீட்ட, அசிஸ்டென்ட் குனிந்து வாங்கிக்கொள்வார்.

ஒரு நாள் அவர் போசியை வாங்கி உள்ளே வைத்துவிட்டு, என் கையையும் பிடித்துத் தூக்கிவிட்டார். செய்யக்கூடாத காரியம்தான், இன்று யாரும் செய்ய மாட்டார்கள். உள்ளே போனதும் என் கண்ணில் பட்டது ஒரே ஒரு பொருள். டிரைவர் உட்காரும் இடத்துக்கு நேரே ஒரு வட்டச் சக்கரம். அதன் மேல் ஈரத் துண்டு ஒன்றைப் போட்டிருந்தார். துண்டை எடுத்தபோது சக்கரத்தில் இரண்டு இடங்களில் மட்டும் பெயின்ட் தேய்ந்து உலோகம் மின்னியது. கை பிடிக்கிற இடங்கள். பக்கத்தில் ஒரு சின்ன மின்விசிறி, வெந்நீர் மாதிரி சுட்டுக்கொண்டிருந்த ஒரு தண்ணீர் கேன், சாப்பாட்டு டப்பா. முன்னால் தண்டவாளம், அதற்கப்பால் சிவப்பு சிக்னல். டிரைவர் என்னைப் பார்த்து ஒன்றும் பேசவில்லை, டீயைக் குடித்தார். இரண்டு நிமிடம் இருந்திருப்பேன்.

பள்ளிக்கூடம் திறந்ததும் சொன்னேன். ரயில் என்ஜினுக்குள் போனேன், அங்கே ஸ்டியரிங் இருக்கிறது என்று. வாத்தியார் சிரித்தார். தண்டவாளத்தில் ஓடுகிற வண்டிக்கு ஸ்டியரிங் எதுக்குடா, திருப்பினால் வயலுக்குள் போய்விடாதா என்றார். வகுப்பே உருண்டது. நான் விடவில்லை, என் கண்ணால் பார்த்தேன் என்றேன். பொய் சொன்னதற்காக பெஞ்சு மேல் நிற்க வைத்தார். அன்றைக்கு வைத்த பெயர் ‘ஸ்டியரிங்’. எட்டாவது வரை அதுதான் என் பெயர். இப்போதும் கல்யாண வீடுகளில் பந்தியில் உட்கார்ந்திருக்கும்போது முதுகுப் பக்கமிருந்து யாராவது “டேய் ஸ்டியரிங்” என்பார்கள். நரைத்த தலையோடு திரும்பிப் பார்க்கிறேன்.

வாத்தியார் சொன்ன நியாயம் தப்பில்லை. ரயில் எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்பதைத் தண்டவாளமும், ஸ்டேஷனில் மாற்றிவைக்கிற பாயின்ட்டும் முடிவு செய்கின்றன. வண்டியின் அடியில் ஓடுகிற சக்கரத்தின் உள்விளிம்பு தண்டவாளத்தைவிட்டு விலகாமல் பிடித்துக்கொள்கிறது. டிரைவரால் இடதோ வலதோ போக முடியாது. ஆனால் நான் பொய் சொல்லவில்லை. சக்கரம் இருந்தது, அதன் பெயரைத் தப்பாகச் சொன்னேன், அவ்வளவுதான். அது என்ன சக்கரம் என்று கேட்டிருந்தால் அன்றைக்கு வகுப்பில் எல்லோருக்கும் ஒரு விஷயம் தெரிந்திருக்கும், வாத்தியாருக்கும் சேர்த்து. அவருக்குத் தேவைப்பட்டது சிரிப்பு. உங்களுக்கும் அதுவே தேவைப்பட்டிருக்கிறது, எம்.

கோபித்துக்கொள்ளுங்கள், பரவாயில்லை. வீட்டில் எல்லோரும் சிரித்தோம் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள், அதை ஒரு நல்ல வேடிக்கை மாதிரி. பன்னிரண்டு வயதுப் பையன் நீங்கள் பார்க்காத ஒன்றைப் பார்த்துவிட்டு உங்களிடம் கொண்டுவந்து கொடுக்கிறான். அதை வாங்கிப் பார்க்காமல் கையைத் தட்டிவிட்டீர்கள். அப்புறம் பிரயோசனம் உண்டா, உருப்படியான பக்கம் திருப்பலாமா என்று என்னைக் கேட்கிறீர்கள். நாளைக்கு நீட் கோச்சிங்கில் சேர்த்தாலும் அவன் அங்கேயும் எதையாவது பார்ப்பான். உங்களிடம் சொல்ல மாட்டான்.

எனக்கு அந்தச் சக்கரம் என்னவென்று தெரிந்தது சில வாரங்கள் கழித்து. வேறொரு டிரைவர். கொஞ்சம் வயதானவர், வெற்றிலை போடுகிறவர். நான் கீழே நின்றுகொண்டு, ஸ்டியரிங் வைத்து என்ன செய்வீர்கள் என்று கேட்டேன், கேட்கும்போதே அழுகை வந்தது. அவர் சிரிக்கவில்லை. “அது ஸ்டியரிங் இல்ல கண்ணு, படிக்கட்டு. முப்பத்திரண்டு படி. ஒரு தடவ பிளஸ் பக்கம் திருப்பினா ஒரு படி ஏறும். மைனஸ் பக்கம் திருப்பினா ஒரு படி இறங்கும். ஒரே தாவா தாவினா வண்டி ஏறாது, அடியில இருக்கிற சக்கரம் நின்ன இடத்துலயே வழுக்கிச் சுத்தும்” என்றார்.

அதைவிட நன்றாக யாரும் எனக்கு விளக்கியதில்லை. மேலே கம்பியில் 25,000 வோல்ட் வருகிறது. அதை அப்படியே மோட்டாருக்குக் கொடுக்க முடியாது. அந்தக் காலத்து மின்சார என்ஜின்களில் டிரான்ஸ்ஃபார்மரில் 32 இடங்களில் வெவ்வேறு அளவு மின்னழுத்தம் எடுக்க வழி வைத்திருந்தார்கள். டிரைவர் சக்கரத்தைத் திருப்பத் திருப்ப ஒவ்வொரு படியாக ஏறி மோட்டாருக்குப் போகிற அழுத்தம் கூடும். சரக்கு இழுக்கிற டபிள்யூஏஜி 5, எக்ஸ்பிரஸ் இழுக்கிற டபிள்யூஏபி 4 எல்லாம் இந்தப் படிக்கட்டு வகை. உங்கள் பையன் முதல் படத்தைப் பார்த்ததும் கண்டுபிடித்தது இப்படித்தான். சக்கரம் இருந்தால் பழைய மின்சார என்ஜின். புதியவற்றில் சக்கரம் கிடையாது.

இரண்டாவது படம் டீசல். ஜன்னலில் பாதியை மறைப்பது அதன் சொந்த உடம்புதான். டபிள்யூடிஎம் 2 என்று ஒரு என்ஜின், முதலில் 1962ல் அமெரிக்காவிலிருந்து வந்தது, அப்புறம் வாரணாசியில் நாமே செய்தோம். அதில் டிரைவர் அறை ஒரு முனையை ஒட்டி இருக்கும். ஒரு பக்கம் குட்டை மூக்கு, மறுபக்கம் என்ஜின் இருக்கிற நீண்ட உடம்பு. நீண்ட பக்கத்தை முன்னால் வைத்து ஓட்டினால், டிரைவர் தன் பக்கத்துத் தண்டவாளத்தை மட்டும் அந்த உடம்பின் ஓரமாக எட்டிப் பார்த்து ஓட்ட வேண்டும். மறுபக்கம் வளைந்தால் அசிஸ்டென்ட்தான் கண். சிக்னலைப் பார்த்து ஒருவர் சொல்ல இன்னொருவர் திருப்பிச் சொல்ல வேண்டும் என்பது விதி. நம் தொப்பூர் மலையில் முத்தம்பட்டி, சிவாடிப் பக்கம் பாதை எப்படி வளைகிறது என்று பார்த்திருக்கிறீர்களா? ராத்திரியில் வளைவில் என்ஜின் விளக்கு தண்டவாளத்தை விட்டுவிட்டு மலைச்சரிவைக் காட்டும். 2021 நவம்பர் 12 அதிகாலையில் தொப்பூருக்கும் சிவாடிக்கும் நடுவே பாறைகள் பாதையில் உருண்டு கிடந்தன, கண்ணூர் - யஷ்வந்த்பூர் எக்ஸ்பிரஸ் அதில் மோதித் தடம் புரண்டது. நல்லவேளை, யாருடைய உயிருக்கும் ஆபத்தில்லை. அந்த ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவர்களை நான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன்.

நான் பையனிடம் சண்டை போடுவதென்றால் இந்த ஒரு விஷயத்துக்காகத்தான். பெயர் சொன்னதும் அடுத்த படத்துக்குத் தாவிவிடுகிறான் அல்லவா? அங்கே கொஞ்சம் நிறுத்துங்கள். இந்த அறையில் உட்கார்ந்தால் என்ன தெரியும், என்ன தெரியாது என்று கேளுங்கள். வெயில் எந்தப் பக்கம் அடிக்கும்? கழிவறை எங்கே என்று கேளுங்கள். பெரும்பாலான என்ஜின்களில் கிடையாது என்று சொல்வான், சொல்லிவிட்டு ஒரு நிமிடம் யோசிப்பான். புதிய என்ஜின்களில் டிரைவர் 60 வினாடி எதையும் தொடாமல் இருந்தால் எச்சரிக்கை வரும், பொத்தானை அழுத்தி விழித்திருக்கிறேன் என்று காட்ட வேண்டும். அந்தப் பொத்தான் படத்தில் எங்கே இருக்கிறது என்று தேடச் சொல்லுங்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவனை தருமபுரிக்கு பஸ்ஸில் கூட்டி வாருங்கள். இப்போது எங்கள் பாதையிலும் மின்கம்பி வந்துவிட்டது. 2023 கடைசியிலிருந்து கோவை - பெங்களூரு வந்தே பாரத் இங்கே நின்று போகிறது. அதற்குத் தனி என்ஜினே இல்லை என்று அவன் உங்களுக்குச் சொல்வான், கேட்டுக்கொள்ளுங்கள். ஆனால் படிக்கட்டுச் சக்கரம் பார்க்க வேண்டுமென்றால் மொரப்பூர் போய்க் காத்திருக்க வேண்டும். பழசு குறைந்துகொண்டே வருகிறது. பிளாட்பாரத்தின் கடைசியில், மஞ்சள் கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்றுகொள்ளுங்கள், படம் எடுக்கிறேன் என்று தண்டவாளத்துக்கு இறங்காதீர்கள். பெரியப்பா கடை இருந்த இடத்தில் இப்போது செல்போன் ரீசார்ஜ் செய்கிறார்கள். டீ நன்றாக இருக்காது.

மூன்றாவது படம். இரண்டு திரை, ஒரு கைப்பிடி. கைப்பிடியை ஒரு பக்கம் தள்ளினால் இழுவிசை, இன்னொரு பக்கம் தள்ளினால் மோட்டாரே பிரேக் போடும். அது டபிள்யூஏபி 7 ஆகவும் இருக்கலாம், டபிள்யூஏஜி 9 ஆகவும் இருக்கலாம். சரக்கு என்ஜினின் பல்சக்கர விகிதத்தை மாற்றித்தான் பயணிகள் என்ஜினைச் செய்தார்கள், அறை இரண்டுக்கும் அக்கா தங்கை மாதிரி. அந்தப் படத்தை மட்டும் வைத்து எனக்குப் பிரிக்க வரவில்லை. பையன் எப்படிப் பிரித்தான் என்று கேட்டு எழுதுங்கள்.