அண்ணாச்சி பதில்கள்

கேள்வி: அண்ணாச்சி, அம்பாசமுத்திரம் பக்கத்துல நாங்க நாலு பேரு சேந்து சாயங்காலம் பிள்ளைகளுக்கு சும்மாவே கணக்கு, சயின்ஸ் சொல்லிக்கொடுக்கோம். ரோபோடிக்ஸ் கிட்டு வாங்கணும், கம்பெனி சிஎஸ்ஆர் பணம் (சமூகப் பொறுப்புக்குன்னு கம்பெனிக செலவழிக்குத பணம்) கிடைக்கும்னு சொல்லுதாங்க. எப்படி கேக்க?

பதில்: கேக்கலாம் தம்பி, ஆனா முதல்ல ஒங்க கையில என்ன பேப்பர் இருக்கு? 2013 கம்பெனி சட்டப்படி பெரிய கம்பெனிக லாபத்துல 2 சதவீதம் இதுக்குன்னு ஒதுக்கணும், படிப்பும் அதுல சேத்திதான், ஆனா அந்தப் பணத்த வாங்கி வேலை பாக்கணும்னா டிரஸ்ட்டோ சொசைட்டியோ பதிவு பண்ணி 12ஏ, 80ஜின்னு சொல்லுத வருமான வரிப் பதிவெல்லாம் வாங்கி, 3 வருசம் வேலை செஞ்ச கணக்கும் இருந்து, சிஎஸ்ஆர் பணம் வாங்கப் பதிவு பண்ணுத சிஎஸ்ஆர்-1 பாரமும் போட்டிருக்கணும். நாலு பேரு, ஒரு திண்ணை, ஒரு போர்டுன்னா நடக்காது. அதனால ஏற்கெனவே இதெல்லாம் வச்சிருக்க டிரஸ்ட் ஒண்ணோட சேந்துக்கிடுங்க, இல்லன்னா ஊரு அரசுப் பள்ளி ஹெச்எம்ம பாருங்க, 'நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி' திட்டம் வழியா கம்பெனிக பள்ளிக்கே குடுக்கலாம்.

பணம் கேட்டு எழுதுத விண்ணப்பத்தோட பட்ஜெட்டுல "கிட்டு வகையறா"ன்னு ஒத்த வரியில மொத்தமா எழுதிராதீங்க, நானும் ஒருக்கா அப்படி எழுதி மூணே நாள்ல திரும்பி வந்துச்சு! ஆர்டுயினோ போர்டு (ரோபோவ இயக்குத சின்ன சர்க்யூட் போர்டு) எத்தன, சென்சார் எத்தன, ஒண்ணு என்ன விலை, பேட்டரி தீந்தா யாரு வாங்குவா, வாத்தியாருக்கு மாசம் என்ன, எல்லாம் தனித்தனியா, கொட்டேசனோட. எத்தன பிள்ளைக, எந்த கிளாஸ், வாரம் எத்தன நாளுன்னும் போடுங்க. வருகைப் பதிவேட இன்னைக்கே ஆரம்பிச்சிருங்க.

பணம் வர்றதுக்குள்ள பிள்ளைகள திருநெல்வேலி கொக்கிரகுளத்துல இருக்க அறிவியல் மையத்துக்கு ஒரு நடை கூட்டிட்டுப் போயிட்டு வாங்களேன்.