கதிரை காலியோ எண்டு பாக்க கமரா என்னத்துக்கு?

கேள்வி: எங்கட லேன்ல ஒரு வீட்டு மேல்மாடிய படிக்கிறதுக்கு விட்டிருக்கினம், 24 கதிரை இருக்கு. ஏஎல் (உயர்தரம்) படிக்கிற பிள்ளையள் பஸ் ஏறி வந்து இடமில்லாமத் திரும்பிப் போகுதுகள். போன்லயே இடம் இருக்கோ எண்டு பாக்கிற மாதிரி கமரா பூட்டுவம் எண்டு கமிட்டியில கதைக்கினம், பொம்பிளைப் பிள்ளையளின்ர அம்மாமார் வேண்டாம் எண்டு நிக்கினம். வேற வழி இல்லையோ?
- வாசகி, வெள்ளவத்தை

பதில்: இருக்கு அக்கா, அந்த அம்மாமார் சொல்றதுதான் சரி. உங்களுக்குத் தேவை ஒரு எண்ணிக்கை, அதுக்கு ஏன் 24 பிள்ளையளின்ர முகம்? 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும் முகத்தை வச்சு ஆளை அடையாளம் காணுற தரவ விசேட வகை எண்டு தனியாத்தான் வச்சிருக்கு. பாத்திட்டு அழிச்சிடுவம் எண்டு சொல்லுவினம், முகமே தெரியாத சாமானப் பூட்டினா அழிக்க ஒண்டும் இராது.

பிஐஆர் சென்சர் மலிவு, ஆள் கிட்டப் போனவுடன லைட் எரியுதே அதுதான், ஆனா அது உடம்புச் சூடு அசைஞ்சாத்தான் பிடிக்கும். பாஸ் பேப்பர் (பழைய சோதனை வினாத்தாள்) செய்யிற பிள்ளை எப்பிடி இருக்கும் எண்டு பாருங்கோ, ஒரு கை நெத்தியில, மற்றக் கையில பேனை, கணக்கு வராம பத்து நிமிசம் ஆடாம அசையாம இருக்கும், சென்சர் ஆளில்லை எண்டு சொல்லிப்போடும். ஏசி இல்லாத மேல்மாடியில நம்மட வெக்கைக்கு சுவரும் கிட்டத்தட்ட உடம்புச் சூட்டுக்கு வந்திடும், அப்ப இன்னும் தடுமாறும். எம்எம்வேவ் ரேடார், அதாவது ரேடியோ அலைய அனுப்பி அது பட்டுத் திரும்பி வாறதப் பாக்கிற சாமான், மூச்சு விடேக்க நெஞ்சு ஏறி இறங்கிறதையும் பிடிக்கும், ஆனா ஃபேனும் திரைச்சீலையும் ஆடினா அதையும் ஆள் எண்டு எடுக்கப் பாக்கும். ஆக்கள் மூச்சில விடுற காபனீரொட்சைட்ட அளந்து எத்தினை பேர் எண்டு பாக்கிறது யன்னல் திறந்த அறைக்குச் சரிவராது.

நான் சொல்றது கதவடியில எண்ணுறது. நிலையில முன்னும் பின்னுமா ரெண்டு இன்ஃப்ராரெட் கதிர், எது முதல்ல மறையுது எண்டு பாத்து உள்ள வாறதோ வெளிய போறதோ எண்டு கணக்கெடுக்கும். ரெண்டு பேர் தோளில கைபோட்டு ஒண்டா வந்தா ஒராள் எண்டு எண்ணிப்போடும், அந்தப் பிழை சேராம இரவு பூட்டேக்க பூச்சியமாக்கி விடுங்கோ. பையை வச்சு இடம் பிடிக்கிறத சென்சர் ஒண்டும் செய்யேலாது, அது கமிட்டி கதைக்க வேண்டிய அலுவல்.

இன்னொண்டு, இத நான் வலியுறுத்திச் சொல்றன். முகம் இல்லாட்டிலும் எண்ணிக்கையே ஆளைக் காட்டிக்குடுக்கும். இரவு எட்டு மணிக்கு "1 ஆள்" எண்டு போன்ல விழுந்தா, மேல ஒரு பிள்ளை தனிய இருக்குது எண்டு ஊருக்கே தெரிஞ்சிடும். அதால "இடம் இருக்கு" எண்டு மட்டும் காட்டுங்கோ, கடைசி அஞ்சு கதிரை வரேக்க எண் போட்டாக் காணும். நேர வாரியாப் பதிஞ்சு வைக்கவும் வேண்டாம், யன்னலடிப் பிள்ளை எப்ப வருது எப்ப போகுது எண்டு யாருக்கும் தேவையில்லை.

கேள்வி: வைஃபைல எத்தினை போன் இருக்கு எண்டு எண்ணலாமாமே?

பதில்: வேண்டாம். போன்ட அடையாள எண்ணச் சேர்த்தா ஆர் எத்தினை தரம் வந்தது எண்டு தெரியும், அதோட ஆண்ட்ராய்ட் 10, ஐஓஎஸ் 14 வந்த பிறகு போனே தன்ர உண்மையான எண்ண மறைச்சு ஒவ்வொரு வைஃபைக்கும் வேற வேற எண்ணக் காட்டுது. ரெண்டு போன் கொண்டு வாற பிள்ளை ரெண்டு ஆளாகும், போனை வீட்டை வச்சிட்டு வாறது கணக்கிலயே வராது.