எதைக் காட்டினாலும் ‘பச்சை’ என்கிறான்!

கேள்வி: என் மகனுக்கு 2 வயது 9 மாதம். நன்றாகப் பேசுகிறான். ஆனால் எதைக் காட்டி ‘என்ன கலர்?’ என்று கேட்டாலும் ‘பச்சை’தான். எதிர்வீட்டுப் பெண் குழந்தைக்கும் இதே வயது; ஏ, பி, சி, டி முழுவதும் சொல்கிறாள், ஐம்பது வரை எண்ணுகிறாள். ஜூனில் ப்ரீகேஜி சேர்க்க வேண்டும். நிறம், வடிவம், எழுத்து, எண்ணெல்லாம் எந்த வயதில் வரும்? இவன் கண்ணில் கோளாறு இருக்குமா?

பதில்: அந்தப் ‘பச்சை’ நல்ல செய்திதான். கலர் கேட்டால் அவன் ‘பந்து’ என்றோ ‘பெரிசு’ என்றோ சொல்லவில்லை. ஒரு நிறத்தின் பெயரைச் சொல்கிறான். நிறம் என்று ஒன்று உண்டு, அதற்கென்று சொற்கள் உண்டு என்பது பிடிபட்டுவிட்டது. எந்தச் சொல் எந்த நிறத்துக்கு என்பதுதான் பாக்கி. சார்லஸ் டார்வினே இதில் பயந்திருக்கிறார். பொருள்களின் பெயரெல்லாம் சொல்லும் தன் பிள்ளைகளுக்கு நிறம் மட்டும் வராததால் நிறக்குருடோ என்று சந்தேகப்பட்டதையும், அது வீண் பயம் என்று தெரிந்ததையும் 1877-இல் எழுதினார்.

பந்தைக் கையில் பிடிக்கலாம். சிவப்பைத் தனியாகப் பிடிக்க முடியாது. தக்காளியிலும் இருக்கிறது, அம்மா சேலையிலும் இருக்கிறது. நம் மொழி வேறு தன் பங்குக்குக் குழப்பும்: பச்சரிசி வெள்ளை, பச்சைத் தண்ணீருக்கு நிறமே இல்லை!

முதலில் ஒரே நிறத்தைச் சேர்த்து வைப்பார்கள், அப்புறம் கேட்டால் சுட்டுவார்கள், கடைசியில்தான் பெயர் சொல்வார்கள். அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2022-இல் திருத்திய வளர்ச்சிப் பட்டியல், 2½ வயதில் ஒரு நிறத்தையாவது சுட்டிக் காட்டுவதையும், 4 வயதில் சில நிறங்களின் பெயர் சொல்வதையும்தான் எதிர்பார்க்கிறது. ஆகவே ‘இது என்ன கலர்?’ என்று பரீட்சை வைக்காமல் ‘அந்தச் சிவப்பு டப்பாவை எடுத்து வா’ என்று சொல்லிப் பாருங்கள். புதிதாகச் சொல்லித் தரும்போது ‘சிவப்புப் பந்து’ என்பதைவிட ‘இந்தப் பந்து சிவப்பு’ என்பது நல்லது. பொருளின் பெயர் முன்னால் வந்தால் குழந்தைகள் நிறத்தை எளிதில் பிடித்துக்கொள்வதை மைக்கேல் ராம்ஸ்கார் குழுவினரின் ஆய்வு 2010-இல் காட்டியது. அவர்கள் சோதித்தது ஆங்கிலம் பேசும் குழந்தைகளை. என்றாலும் தமிழில் இப்படிச் சொல்வது நமக்கு இயல்பாகவே வரும்.

கண் சந்தேகத்துக்கு: சிவப்பு, பச்சை மூடிகளைக் கலந்து வைத்துப் பிரிக்கச் சொல்லுங்கள். பிரித்துவிட்டால் பெரும்பாலும் கவலையில்லை. சிவப்பு-பச்சைக் குறைபாடு தாய்வழியாக ஆண் பிள்ளைகளுக்கு வருவது. பையனின் தாய்மாமாவுக்கோ அம்மாவைப் பெற்ற தாத்தாவுக்கோ இருந்தால் மட்டும், 4 வயதுக்குப் பிறகு கண் மருத்துவரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள்.

சரி, எதிர்வீட்டு ஐம்பது. அது பெரும்பாலும் பாட்டு. ‘மூணு முறுக்கு கொடு’ என்று அந்தக் குழந்தையிடம் கை நீட்டிப் பாருங்கள், ஒரு கை நிறைய அள்ளித் தரவும் வாய்ப்புண்டு. ஒன்று என்பதன் பொருள் முதலில் விளங்கும், சில மாதம் கழித்து இரண்டு, பிறகு மூன்று. எண்ணி முடித்த கடைசி எண்தான் மொத்தம் என்பது பெரும்பாலும் 3½ வயதை ஒட்டித்தான் விளங்குகிறது. 1990-களின் தொடக்கத்தில் கேரன் வின் என்ற உளவியலாளர் பொம்மைகளை எண்ணித் தரச் சொல்லிக் கண்டது இது. இதற்கு செயலி எதுவும் வேண்டாம். உள்ளங்கையில் பருப்பு கடைந்து, ‘அம்மாவுக்குக் கொஞ்சம், அப்பாவுக்குக் கொஞ்சம்’ என்று விரலுக்கு ஒரு பங்கு வைக்கிறோமே, ஒன்றுக்கு ஒன்று என்கிற கணக்கு அதில் இருக்கிறது. படியேறும்போது எண்ணுவதும் அப்படித்தான்.

வடிவத்தைப் பொருத்துவது முன்பே வந்துவிடும், வரைய நாளாகும். பார்த்து வரைவதில் வட்டம் சுமார் 3 வயது, கூட்டல் குறி 4, சதுரம் 4½, முக்கோணம் 5.

எழுத்துக்கு அவசரமே இல்லை. சில எழுத்துகளை அடையாளம் காண்பது 4, 5 வயதில். விஜயதசமியன்று அரிசியில் விரல் பிடித்து ‘அ’ போடுவது நல்ல வழக்கம். ஆனால் மறுநாளே பென்சிலைத் திணிக்காதீர்கள். ‘அ’ தொடங்குவதே சுழியில். பிஞ்சு விரலுக்கு அது பெரிய வேலை. நேர்கோட்டில் அடங்கும் ‘ட’, ‘ப’ எளிது. அதுவும் பின்னால் பார்த்துக்கொள்ளலாம்.

மருத்துவரிடம் போக வேண்டிய அறிகுறிகள் வேறு: 2 வயது தாண்டியும் இரண்டு சொல் சேர்த்துப் பேசாதது, கூப்பிட்டால் திரும்பாதது, வந்த சொற்கள் மறைந்துபோவது. இவற்றில் ஒன்று இருந்தாலும் காத்திருக்க வேண்டாம். காது கேட்கிறதா என்பதையும் சோதிக்கச் சொல்லுங்கள்.

உங்கள் மகனுக்கு இவை இல்லை என்றால், ஜூனுக்குள் பழக்க வேண்டியது ‘ஒன்னுக்கு வருது மிஸ்’ என்று சொல்வதையும் டிபன் பாக்ஸைத் திறப்பதையும்தான்.