மாலத்தீவில் ஊர் இருக்கிறதா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

அரையாண்டு விடுமுறைக்கு மாலத்தீவு போவதென்று வீட்டில் முடிவாகியிருக்கிறது. நான், மனைவி, பள்ளியில் படிக்கும் இரண்டு பிள்ளைகள், என் அம்மா. டிராவல்ஸ்காரர் கடலுக்கு மேல் குடில்கள் கட்டிய ரிசார்ட்டைச் சொல்கிறார். மக்கள் வாழும் தீவில் விருந்தினர் விடுதி எடுத்துத் தங்குவதே மேல் என்று முன்பு ஒருமுறை எழுதியிருந்தீர்கள். அதைச் சொன்னால் நண்பர்கள் சிரிக்கிறார்கள். “அங்கே மணலும் தண்ணீரும்தான். பண்பாடு என்று பார்க்க என்ன இருக்கிறது?” என்கிறார்கள். உண்மைதானா? நீந்தத் தெரியாத, மீன் சாப்பிடாத அம்மாவுக்கு அங்கே எப்படிப் பொழுது போகும் என்ற கவலையும் இருக்கிறது.

ஆர்.,
திருநெல்வேலி

அன்புள்ள ஆர்.,

உங்கள் நண்பர்கள் பார்த்ததைத்தான் சொல்கிறார்கள். அவர்களுக்கு வேறெதுவும் கண்ணில் பட வழியில்லை. 1972இல் குரும்பா என்ற முதல் ரிசார்ட் திறந்த நாளிலிருந்து அந்த நாடு வகுத்துக்கொண்ட ஏற்பாடு அப்படி: ஆளில்லாத தீவு ஒன்று, அதில் ஒரு ரிசார்ட். ஏறத்தாழ 1,200 தீவுகளில் மக்கள் வாழ்பவை 200க்கும் குறைவு என்பதால் காலித் தீவுகளுக்குப் பஞ்சமில்லை. பயணியின் பணம் வேண்டும், ஆனால் அவருடைய மதுவும் நீச்சலுடையும் ஊருக்குள் வரக்கூடாது என்பது கணக்கு. 2009ஐ ஒட்டித்தான் விதிகள் தளர்ந்து, ஊர்த் தீவுகளில் விருந்தினர் விடுதிகள் பெருகின. ரிசார்ட்டுக்கு மட்டும் போய்விட்டு மாலத்தீவில் பண்பாடு இல்லை என்பது, கல்யாண மண்டபத்தில் சாப்பிட்டுவிட்டு ஊரைப் பற்றி அபிப்பிராயம் சொல்வதுபோல.

ரிசார்ட்டை நான் பழிக்கவில்லை. புதுமணத் தம்பதிகளும் மாலையில் ஒரு கோப்பை ஒயின் இல்லாமல் முடியாது என்பவர்களும் அங்கேதான் போக வேண்டும். ஊர்த் தீவில் மது கிடையாது. ஐந்து பேர் கொண்ட குடும்பத்துக்கு ஊர்த் தீவுதான் சரி.

அங்கே பண்பாடு நிகழ்ச்சியாக நடக்காது, மாலையில் தெருவுக்கு வரும். ரிசார்ட்டில் வாரம் ஒருமுறை சீருடை அணிந்த இளைஞர்கள் ‘பொடுபெரு’ முரசு அடித்துக் காட்டுவார்கள். அது நன்றாகவே இருக்கும். ஆனால் எனக்குப் பிடித்தது ‘பஷி’ என்ற பெண்கள் விளையாட்டு. வெயில் தாழ்ந்ததும் மணல் திடலில் வலை கட்டுவார்கள். ஒருத்தி வலைக்கு முதுகைக் காட்டி நின்று, டென்னிஸ் மட்டையால் பந்தைத் தன் தலைக்கு மேலாகப் பின்புறம் அடிப்பாள். மறுபக்கம் பரவி நிற்பவர்கள் அதை வெறுங்கையால் பிடிக்க வேண்டும். நான் பார்த்த ஆட்டத்தில் முக்காடு போட்ட நடுவயதுப் பெண்மணி ஒருவர் பந்தை நெஞ்சோடு சேர்த்து அமுக்கிப் பிடித்துவிட்டு, விரல் எரிச்சலில் கையை உதறிக்கொண்டே எதிரணியைப் பார்த்து ஏதோ சொன்னார். திடலே சிரித்தது. திவேகி மொழி தெரியாத நானும் சிரித்தேன். சுற்றிலும் ‘ஜோலி’களில் கிழவர்கள் சாய்ந்திருந்தார்கள். சட்டத்தில் கயிறு பின்னித் தொங்கவிட்ட இருக்கை அது, தெருமுனைக்குத் தெருமுனை கிடக்கும். யாரும் உட்காரலாம். உட்கார்ந்தால் எந்த ஊர் என்று கேட்பார்கள். தூத்துக்குடிப் பக்கம் என்று சொல்லிப் பாருங்கள். காய்கறியும் கட்டுமானப் பொருளும் ஏற்றிக்கொண்டு தலைமுறைகளாகத் தோணிகள் தலைநகர் மாலேக்குப் போன துறைமுகம் அது.

மாலத்தீவிலிருந்து நமக்கு வந்தது மாசிக் கருவாடு. சூரை மீனை அவித்து, புகையிட்டு, கட்டையாக இறுகும்வரை வெயிலில் காயவைப்பார்கள். 1340களில் அந்தத் தீவுகளில் காஜியாக, அதாவது நீதிபதியாக, இருந்த மொராக்கோ பயணி இபின் பதூதா, இந்த மீன் கப்பலேறி வெளிநாடுகளுக்குப் போவதைக் குறித்துவைத்திருக்கிறார். சூரையை இன்றும் வலை போட்டு வாருவதில்லை, தூண்டிலில்தான் பிடிக்கிறார்கள். உயிருள்ள சிறு மீன்களைக் கடலில் வீசி, மேலே தண்ணீரைப் பீய்ச்சுவார்கள். கூட்டம் மொய்க்கும்போது படகின் பின்புறம் வரிசையாக நின்று தூண்டிலைச் சுண்டுவார்கள். கொக்கியில் எதிர்முள் கிடையாது. அதனால் மீன் தலைக்கு மேல் பறந்துவந்து தளத்தில் தானாகக் கழன்று விழும். பிள்ளைகளை மாலையில் படகுத்துறைக்கு அழைத்துப் போனால், பிடித்த மீனை இறக்கி அறுப்பதைப் பார்க்கலாம். மறுநாள் காலை அதுவே தேங்காய்த்துருவல், வெங்காயம், மிளகாய், எலுமிச்சையோடு பிசைந்த ‘மஸ்ஹுனி’யாக ரொட்டியுடன் தட்டுக்கு வரும்.

இனி கடல். டிசம்பர் கடைசியில் வடகிழக்குப் பருவம், கடல் பெரும்பாலும் அமைதியாக இருக்கும். விலைதான் கொதிக்கும். பா அட்டோல் என்ற தீவுக்கூட்டத்தில் ஹனிஃபாரு விரிகுடா என்ற இடத்தில் மாண்டா எனும் ராட்சதத் திருக்கைகள் கூட்டமாக வருவது பிரசித்தம். ஆனால் அது மே முதல் நவம்பர் வரையிலான தென்மேற்குப் பருவத்தில். அப்போதுதான் நீரோட்டம் மிதவை உயிரிகளை அந்த விரிகுடாவுக்குள் ஒதுக்குகிறது. டிசம்பரில் காட்டுகிறேன் என்று டிராவல்ஸ்காரர் சொன்னால் நம்ப வேண்டாம். அதற்காக வருந்தவும் வேண்டாம். பல தீவுகளில் கரையிலிருந்து நீந்தும் தூரத்திலேயே பவளப்பாறை இருக்கிறது. முகக்கண்ணாடியும் மூச்சுக்குழாயும் வாடகைக்குக் கிடைக்கும்.

ஒரு எச்சரிக்கை. இடுப்பளவுப் பச்சைத் தண்ணீர் திடீரென்று கருநீலமாகும் இடத்தில் தரை முடிந்துவிடுகிறது. தீவுகளுக்கு இடைப்பட்ட கால்வாய்களில் நீரோட்டம் நல்ல நீச்சல்காரரையே இழுக்கும். பிள்ளைகளுக்கு உயிர்காப்பு உடை கட்டாயம், உள்ளூர் வழிகாட்டியும் கட்டாயம். நம்மவர்கள் சிலர் பவளத்தின் மேல் ஏறி நின்று படம் எடுத்துக்கொள்வதைப் பார்த்துத் தலைகுனிந்திருக்கிறேன். 1998இலும் 2016இலும் கடல் சூடேறி வெளுத்து, மெல்லத் தேறிவரும் உயிர்கள் அவை. பவளத் துண்டைப் பையில் போட்டுக்கொண்டு வருவதும் சட்டப்படி குற்றம்.

உடையைப் பற்றி உங்கள் மனைவி கவலைப்பட வேண்டியதில்லை. அந்த ஊர்ப் பெண்களும் உடுத்திய உடையோடுதான் கடலில் இறங்குகிறார்கள். நீச்சலுடைக்காரர்களுக்குத் தனியாக ஒரு கரையை ஒதுக்கி, தடுப்பு வைத்திருப்பார்கள்.

நான்கு நாளில் நான்கு தீவு என்று திட்டம் போடாதீர்கள். ஒரே தீவில் இருங்கள். வெள்ளிக்கிழமை அரசுப் படகுகள் பல ஓடாது, தொழுகை நேரத்தில் கடைகளும் அடைத்திருக்கும். அன்று பயணத்தை வைத்துக்கொள்ளாமல் இருப்பது நல்லது. மாலேயில் அரை நாள் கிடைத்தால் 1658இல் கட்டி முடித்த பழைய வெள்ளிக்கிழமைப் பள்ளிவாசலைப் பாருங்கள். சுண்ணாம்புக் காரை இல்லாமல், தச்சு வேலைபோலப் பவளக்கல்லை ஒன்றோடொன்று பொருத்திக் கட்டியது. சுவரெல்லாம் நுணுக்கமான செதுக்கல்.

அம்மாவின் பொழுதைப் பற்றி யோசிக்காதீர்கள். ஜோலியும் பஷியும் பார்த்துக்கொள்ளும். சாப்பாடுதான் சிக்கல். மீனில்லாத கறியே அங்கே அரிது. விடுதியில் முன்கூட்டியே சொல்லிவையுங்கள், பருப்பும் சோறும் சமைத்துத் தருவார்கள். ஊறுகாய், பொடி வகைகளை எடுத்துப் போங்கள். பூஜைக்கென்று சிறு விக்கிரகம் எதையாவது அம்மா பெட்டியில் வைக்கும் வழக்கம் இருந்தால் மட்டும், வீட்டிலேயே விட்டுவரச் சொல்லுங்கள். வழிபாட்டுச் சிலைகளை அந்நாட்டுச் சுங்கத்தில் உள்ளே விடமாட்டார்கள்.