உருக்காமலே உலோகங்களை ஒட்ட முடியுமா?

செம்புத் தண்டையும் அலுமினியத் தண்டையும் உராய்வு வெல்டிங்கில் இணைக்கலாமா என்று காரைக்குடி லேத் பட்டறைக்காரர் ஒருவர் கேட்டிருக்கிறார். தாராளமாக இணைக்கலாம், இந்த ஜோடிக்கு அது மிகப் பொருத்தமான வழி. அலுமினியம் 660 டிகிரி செல்சியஸில் உருகிவிடும், செம்புக்கு 1085 வேண்டும். இரண்டையும் உருக்கிக் கலந்தால் இடையில் கண்ணாடிபோல் நொறுங்கும் சேர்மம் தடித்து வளரும்.

உராய்வு முறையில் உலோகம் உருகுவதில்லை. ஒரு தண்டு சுழலும், மற்றது அதன்மேல் அழுந்தும். உரசும் முகங்கள் சூடேறி இளகும். சுழற்சியைச் சட்டென நிறுத்தி அழுத்தத்தைக் கூட்டியதும், இளகிய உலோகம் ஆக்சைடு படலத்தையும் அழுக்கையும் வாரிக்கொண்டு விளிம்பில் வளையமாகப் பிதுங்கும், பெரும்பாலும் அலுமினியப் பக்கத்தில். சுத்தமான முகங்கள் நேருக்கு நேர் பிணைவது அப்போதுதான். பிதுங்கலைப் பிறகு கடைந்து எடுத்துவிடலாம்.

தயவுசெய்து சாதாரண லேத்தில் முயலாதீர்கள். அச்சுவாக்கில் விழும் அந்த அழுத்தத்தில் பேரிங் கெடும். தண்டைப் பிடித்துச் சுழலும் ‘சக்’ (chuck) என்ற பிடிப்பானை நொடியில் நிறுத்தவும் வழியில்லை.